என் கையால் ஒரு விண்ணப்பம்

டோஹா
2025 பெப்ரவரி 2

அன்புள்ள தனுஷியாவுக்கு,

நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். இங்கே காலையில் இன்னும் குளிர், போர்வையை விட்டு எழும்பவே மனமில்லை. உன் தலையிடி எப்படி? மாமியின் முழங்கால் நோ குறைந்ததா?

வாட்ஸப்பில் குரல் அனுப்பாமல் ஏன் மின்னஞ்சல் என்று கேட்பாய். குரல் அனுப்பினால் மாமியும் பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்காவும் கேட்டு முடித்த பிறகுதான் உன்னிடம் வருகிறது. எழுதினால் உன் போன் உன் காதுக்குள் மட்டும் வாசிக்கும். எனக்கு உன்னை நன்றாக ஏச வேண்டும். தனியாக ஏசுவதுதான் மரியாதை.

கல்லடிக் கல்லூரியில் போன வருடம் உனக்கு இடம் கிடைத்ததாம், நீ விருப்பமில்லை என்று சொல்லிப் போகாமல் விட்டாயாம். மாமி நேற்றுத்தான் எனக்குச் சொன்னார். இத்தனை மாதமாக ஒளித்திருக்கிறீர்கள்! ஒன்பது வயதில் கண் போன பிள்ளை, விடுதியில் இருந்து உயர்தரம் வரை படித்து, மூன்று மொழி பேசுகிறாய். இப்போது வீட்டுக்குள் இருந்து என்ன செய்கிறாய்?

அந்தக் கல்லூரிக்கு இணையத்தளம் செய்து கொடுத்தது யார்? உன் மச்சாள். எட்டு மாதம், இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக இருந்து செய்தேன். திறப்பு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள், அப்பா அந்தப் படத்தைக் கதவளவு பெருப்பித்து முன்னறையில் மாட்டியிருக்கிறார். “இனி எவரும் வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம்” என்று மேடையில் பேசினேன். என் சொந்த மச்சாளே விண்ணப்பித்துவிட்டுப் போகாமல் இருந்தால் என் முகத்தை எங்கே வைப்பது?

ஜூனில் அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பம் திறக்கிறார்கள். இந்த முறை தப்ப விடமாட்டேன். உடனே பதில் எழுது.

உன்னை ஏசினாலும் உன் நினைவாகவே இருக்கும்,
கம்சாயினி மச்சாள்


ஆரையம்பதி
2025 பெப்ரவரி 9

அன்பு மச்சாளுக்கு,

தலையிடி இல்லை. அம்மாவின் முழங்கால் கோயிலுக்குப் போகும்போது நோகாது, கடைக்குப் போகும்போதுதான் நோகும். அழகரத்தினம் மாமா நேற்று வந்தார். உங்கள் பொன்னாடைப் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கிறாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தடவியும் காட்டினார். கண்ணாடி நல்ல வழுவழுப்பு.

கல்லூரி விசயம் ஒன்றுமில்லை. அந்தப் பாடத்தில் எனக்கு விருப்பம் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் தளம் மிகவும் வடிவாக இருக்கிறது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

இங்கே இறால் மலிந்திருக்கிறது. நீங்கள் இருந்தால் உரித்துத் தந்திருப்பீர்கள், நான் சாப்பிட்டிருப்பேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தனு


டோஹா
2025 பெப்ரவரி 12

அன்புள்ள தனுவுக்கு,

இறாலைக் காட்டி ஆளை மாற்றுகிறாயா? நான் உன்னைத் தூக்கி வளர்த்தவள். விருப்பமில்லை என்பதெல்லாம் என்னிடம் வேண்டாம்.

நான் ஒரு வழி யோசித்துவிட்டேன். உன் அடையாள அட்டை இலக்கத்தையும் பெறுபேற்றுத் தாளின் படத்தையும் அனுப்பு. ஜூன் வந்ததும் நானே இங்கிருந்து உன் படிவத்தை நிரப்பிவிடுகிறேன். எனக்குப் பத்து நிமிட வேலை. உனக்குச் சிரமமில்லாத பாடமாகவும் நானே பார்த்துப் போடுகிறேன். நீ ஒன்றுக்கும் யோசிக்காதே.

மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்.

உன் நன்மையை நினைக்கும்,
கம்சா மச்சாள்


ஆரையம்பதி
2025 மார்ச் 3

அன்பு மச்சாளுக்கு,

எல்லோரும் சுகம். மூன்று கிழமையாக நான் ஏன் எழுதவில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். கோபம் அடங்கட்டும் என்றிருந்தேன். அடங்கவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

போன வருடம் உங்கள் தளத்தில் ஏழு நாள் இருந்தேன். உங்களுக்குப் பொன்னாடை போர்த்திய தளம் என்னிடம் என்ன பேசியது தெரியுமா? முதல் பக்கத்தில் “படம். படம். படம். ஐஎம்ஜி இரண்டாயிரத்து இருபத்துமூன்று, சைபர் ஏழு, பதினான்கு.” அறிவித்தல் பக்கத்தில் “எம், டபிள்யூ, பி, டி, பி, ஜே, அரைப்புள்ளி.” பேய் பிடித்தவள் மாதிரி அந்தக் குரல் பத்து நிமிடம் இப்படியே ஓதியது. விண்ணப்பப் படிவத்தில் “எழுதும் பெட்டி, எழுதும் பெட்டி, எழுதும் பெட்டி.” எதில் பெயர் எழுதுவது, எதில் பிறந்த திகதி? ஊகித்து ஊகித்து நிரப்பி முடிக்க முன்னம் நேரம் போய்விட்டது என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டது. ஆறாம் நாள் ஒருமாதிரிக் கடைசி வரைக்கும் போனேன். அங்கே ஒரு படத்திலுள்ள எழுத்துகளைப் பார்த்துத் தட்டி, நான் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. மச்சாள், உங்கள் தளம் என்னை மனுசி என்று நம்பவில்லை.

ஏழாம் நாள், முடிவுத்திகதி. சந்தியில் உள்ள, படிவம் நிரப்பிக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனுசன், எனக்குத் தேத்தண்ணியும் எடுத்துத் தந்தார். தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பு டிப்ளோமா என்று மூன்று தரம் சொன்னேன். “ஓம் புள்ள, போட்டுட்டன்” என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு கல்லூரியிலிருந்து போன் எடுத்துச் சொன்னார்கள், எனக்குப் பிரம்பு வேலைப் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறதாம்! கடைக்காரரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். “மொழிபெயர்ப்பெண்டா கன வாசிப்பு புள்ள, உங்களுக்கு ஏலா. இது கையால செய்யிற வேலைதானே. உங்கட நன்மைக்குத்தான் மாத்திப் போட்டன்” என்றார்.

பிரம்பு வேலை கேவலமில்லை. ஆனால் நான் கேட்டது அதில்லை. அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் உங்கள் தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாமா ஊரெல்லாம் உங்கள் பெருமை சொல்லித் திரிகிற நேரம் அதை எப்படிச் சொல்வது? விருப்பமில்லை என்று ஒரு பொய்யோடு முடித்தேன். இப்போது நீங்களும் என் நன்மைக்குப் படிவம் நிரப்ப வருகிறீர்கள், பாடமும் நீங்களே பார்த்துப் போடுவீர்கள். பத்து நிமிட வேலை!

மச்சாள், என் விண்ணப்பத்தை என் கையால் நிரப்பி அந்தக் கல்லூரிக்குள் போக வேண்டும். இல்லையென்றால் போக மாட்டேன். ஜூனில் ஒரு தரம் முயற்சி செய்வேன், அதோடு சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனுஷியா


டோஹா
2025 மார்ச் 21

அன்புள்ள தனுவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பதினெட்டு நாள் பதில் எழுதவில்லை. எழுதத் தொடங்கித் தொடங்கி அழித்தேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே கணினித் திரையைக் கறுப்பாக்கி, வாசிக்கும் குரலை மட்டும் போட்டுக்கொண்டு நான் செய்த தளத்துக்குள் நானே போனேன். ஒன்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன். படிவத்தின் முதல் பெட்டியைக்கூட என்னால் நிரப்ப முடியவில்லை. எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம், அப்படியிருந்தும் முடியவில்லை. நீ ஏழு நாள் இருந்திருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தளம் செய்யும்போது சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை வைத்துத்தான் வேலை செய்வோம். பழைய கோப்பில் அதைத் தேடி எடுத்தேன். “பார்வையற்றோர், செவிப்புலன் அற்றோர், கை இயலாதோர் பயன்படுத்த முடிகிறதா?” என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு எதிரே நான் எழுதியிருக்கிறேன்: “இங்கே தேவைப்படாது.” அதை எழுதியபோது நீ என் நினைவுக்கு வரவில்லை, தனு. எப்படி வராமல் போனாய் என்று எனக்கு விளங்கவேயில்லை. ஊருக்கெல்லாம் விளக்குப் பிடித்தேன், என் காலடியில் இருட்டு.

படிவத்தை நான் இங்கிருந்தே திருத்தலாம், தொடங்கிவிட்டேன். ஆனால் அறிவித்தல்கள் என் கையில் இல்லை, அலுவலகம்தான் போடுகிறது. நீ கேட்ட அந்தப் பேய்ப் பேச்சு பாமினி எழுத்து. பழைய முறையில் தட்டினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், இயந்திரத்துக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. மற்றவை எல்லாம் முத்திரை குத்திய தாளைப் படம் பிடித்துப் போட்டவை. பதிவாளர் நல்லரத்தினம் ஐயாவுக்கு விளக்கமாக எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது: “தளம் செவ்வனே இயங்குகிறது. இதுவரை எவரும் முறைப்பாடு செய்யவில்லை.”

மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. முதலில் வேலையை முடிக்கிறேன்.

கம்சாயினி


ஆரையம்பதி
2025 மார்ச் 30

அன்பு மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். எவரும் முறைப்பாடு செய்யவில்லையா? அப்படியென்றால் ஆள் போக வேண்டியதுதானே. புதன்கிழமை வெள்ளைப் பிரம்பை எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறினேன். கல்லடியில் இறக்கிவிட நடத்துனர் மறந்துவிட்டார். பஸ் பாலத்தில் ஏறியதும் காற்று மாறியது. “அண்ணே, நான் வாவி பார்க்க வரல்ல, இறக்குங்க!” என்று கத்தினேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஒரு அக்கா கூட இறங்கி, கல்லூரி வாசல் மட்டும் கொண்டுவந்து விட்டார்.

அலுவலகத்தில் அறிவித்தல் போடுகிறவர் முப்லிஹா, காத்தான்குடி. நோன்போடு வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய மேசையில் என் போனைச் சத்தமாகப் போட்டு, அவர் முதல்நாள் தட்டிய அறிவித்தலைக் கேட்கவிட்டேன். “எம், டபிள்யூ, பி…” “யா அல்லாஹ், ரெண்டு வருசமா இதையா தங்கச்சி நான் எழுதிட்டிருக்கன்?” என்றார். இயந்திரத்துக்கும் விளங்கும் யுனிகோடில் தட்ட அவருக்குத் தெரியும், போனில் தினமும் அப்படித்தான் தட்டுகிறாராம். “ஐயாட உத்தரவு. தலைப்ப மட்டும்தான் தட்டிப் போடலாம், மிச்சத்த அச்செடுத்து, கையொப்பம் வெச்சு, முத்திர குத்தி, படம் புடிச்சுத்தான் போடணும். பாமினி இல்லாட்டி அவருக்கு எழுத்து வடிவில்ல.”

பிறகு பதிவாளரின் அறை. நல்லரத்தினம் ஐயா கதிரை தந்தார், தண்ணீர் தந்தார், காது மட்டும் தரவில்லை. “முத்திர இல்லாத அறிவித்தல் அறிவித்தலா பிள்ள? நாளைக்கு ஆரும் பொய்யா ஒண்டத் தட்டிப்போட்டு, கல்லூரி தந்தது எண்டு சொன்னா நான் என்ன செய்யிற?” அதிலும் நியாயம் இருக்கிறது, மச்சாள். நான் போனை அவருடைய அறிவித்தலில் வைத்தேன். “படம்” என்றது. “ஐயா, இந்த அறிவித்தல்ல உங்கட பேர் இருக்கா?” என்று கேட்டேன். “கீழ கிடக்கு, கையொப்பத்தோட.” “என்ர போனுக்கு நீங்க இல்ல ஐயா. கல்லூரியும் இல்ல. வெறும் படம்தான் கிடக்கு.”

கதிரை கிறீச்சிட்டது. “எழுத்தில தாங்க, பாப்பம்” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று முப்லிஹா முன்னமே சொல்லியிருந்தார். வீட்டிலேயே தட்டி அச்செடுத்த கடிதத்தை நீட்டினேன். “கையொப்பம் இல்லையே” என்று மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார், பெருவிரல் அடையாளம் வைக்கட்டுமாம்! எனக்கு ஏறியதே ஒரு கோபம். “பேனா தாங்க ஐயா” என்றேன். அடையாள அட்டையின் விளிம்பைக் கோடாகப் பிடித்துக்கொண்டு, தனுஷியா என்று முழுப் பெயரும் எழுதினேன். பிறகு “டக்” என்று ஒரு சத்தம். என் கடிதத்தில் “கிடைத்தது” முத்திரை விழுந்திருக்கிறது.

இப்போதைக்கு அவ்வளவுதான். ஆனால் அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

நீங்கள் அந்தப் பட்டியலில் எழுதிய வரியைப் பற்றி நான் இன்றைக்கு ஒன்றும் எழுதப்போவதில்லை.

தனு


டோஹா
2025 ஏப்ரல் 11

அன்புள்ள தனுவுக்கு,

உனக்கும் மாமிக்கும் புதுவருட வாழ்த்து. உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மைப்பெட்டி வந்த இடத்தில் எழும்பி நின்றார், பேனா வந்ததும் கைதட்டினார்.

உன் கையொப்பத்துக்கு வேலை செய்யும் சக்தி இருக்கிறது. பதிவாளரிடமிருந்து எனக்கு மூன்றாவது வரியும் வந்தது: “பரீட்சார்த்தமாக ஓர் அறிவித்தலை இரு வகையிலும் இடலாம்.” மேலே எழுத்து, கீழே முத்திரையோடு படம். முப்லிஹா போடுவார்.

படிவம் முழுவதையும் பிரித்து மறுபடி கட்டுகிறேன். ஒவ்வொரு பெட்டியும் இனித் தன் பெயரைத் தானே சொல்லும். நேரம் போய்விட்டது என்று எதுவும் அழியாது. மனிதரா என்று கேட்ட படத்தைப் பிடுங்கி எறிந்தாயிற்று, அதற்குப் பதிலாகப் போனுக்கு ஓர் இலக்கம் வரும். படங்களுக்கெல்லாம் விளக்கம் எழுதுகிறேன். ஆனால் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. பார்த்துச் செய்தவள் பார்த்துத்தான் திருத்துவாள். நீ சொல்ல வேண்டும். தயவு தாட்சண்யம் பார்க்காமல் சொல்.

உன் தீர்ப்புக்குக் காத்திருக்கும்,
கம்சா மச்சாள்


ஆரையம்பதி
2025 மே 4

அன்பு மச்சாளுக்கு,

சுகம், சுகம், சுகம். அம்மாவின் முழங்காலும் சுகம். கேளுங்கள் புதினத்தை!

முதலில் தீர்ப்பு. முதல் பக்கப் படத்துக்கு “கல்லூரிக் கட்டடத்தின் எழில்மிகு தோற்றம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எழிலை வைத்து நான் என்ன செய்வது? வாசல் எந்தப் பக்கம், படி எத்தனை, சாய்தளம் இருக்கிறதா என்று எழுதுங்கள். அதிபரின் காணொளிக்குக் கீழே அவர் பேசுவது எழுத்தாக வர வேண்டும், காது கேளாதவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். படிவத்தில் பிழை விட்டால் பெட்டி சிவப்பாகிறதாம். முப்லிஹாவின் தம்பி அஸாமுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதானாம். “எனக்கு எல்லாப் பெட்டியும் ஒரே சாதிதான் ராத்தா” என்று அக்காவிடம் சொல்லிச் சிரிக்கிறான். என்ன பிழை என்று சொல்லில் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பத்தொரு குறை, கீழே எழுதியிருக்கிறேன். தயவு பார்க்கவில்லை.

இனிப் புதினம். அந்த ஓர் அறிவித்தலை முப்லிஹா எழுத்திலும் படத்திலும் போட்டார். மூன்றாம் நாள் கரடியனாற்றிலிருந்து கல்லூரிக்கு ஒரு அழைப்பு. அன்றைக்கு முப்லிஹா வங்கிக்குப் போயிருக்க, நல்லரத்தினம் ஐயாவே எடுத்திருக்கிறார். ஒரு வேளாண்மைக்காரர். “ஐயா, நான் வயல் வட்டைக்குள்ள நிண்டு பேசுறன். உங்கட அறிவித்தல் இண்டைக்குத்தான் ஐயா முதன்முதலா எங்கட ஊருக்கு வந்திருக்கு” என்றாராம். அங்கே சிக்னல் நூல் மாதிரி. படம் ஒரு நாளும் திறந்ததில்லை, வட்டம் சுற்றிச் சுற்றி நின்றுவிடும். எழுத்து உடனே வந்துவிட்டது. ஐயா நம்பவில்லை. “எங்க, வாசிங்க பாப்பம்” என்றிருக்கிறார். அந்த மனுசன் வரம்பில் நின்றுகொண்டு தலைப்பிலிருந்து கடைசி வரி வரை உரத்து வாசித்திருக்கிறார். “க. நல்லரத்தினம், பதிவாளர்” என்று முடித்ததும் ஐயா, “ஓம், அது நான்தான்” என்றாராம்!

அன்று பின்னேரமே உத்தரவு வந்தது. இனி எல்லா அறிவித்தலும் எழுத்தில். முத்திரை கீழே. பழையவற்றையும் மாற்ற வேண்டும். முப்லிஹாவும் நானும் போனில் பேசிப் பேசி நூற்றுப்பன்னிரண்டு அறிவித்தலை மாற்றினோம். இப்போது ஐயா முத்திரைப் படத்துக்கும் விளக்கம் எழுதச் சொல்கிறார்: “வட்ட முத்திரை, ஊதா மை, தெளிவாக உள்ளது.” தெளிவாக உள்ளது என்பது கட்டாயம் வர வேண்டுமாம்.

அந்த வரியைப் பற்றி: அதை அழித்துவிட்டுப் புதிதாக என்ன எழுதினீர்கள் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். முப்பத்தொன்றையும் திருத்துங்கள், அதுவே எனக்குப் போதும். கோபம் போய்விட்டது, மச்சாள்.

அன்புடன்,
தனு


ஆரையம்பதி
2025 ஜூன் 6

அன்பு மச்சாளுக்கு,

நேற்றுப் பின்னேரம் படிவத்தை அனுப்பிவிட்டேன்.

அம்மாவைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். “முழுப் பெயர், எழுதும் பெட்டி.” எழுதினேன். “பிறந்த திகதி.” எழுதினேன். உயர்தரப் பெறுபேற்றில் ஒரு பாடத்தை விட்டுவிட்டேன். அது சத்தம் போடாமல், ஏசாமல், “மூன்றாவது பாடத்தின் தரம் விடுபட்டுள்ளது” என்று சொல்லி என்னை அந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. விசேட தேவை உண்டா என்ற கேள்விக்கு, வாசிக்கும் மென்பொருளுள்ள கணினி என்று நானே எழுதினேன். பாடநெறிப் பட்டியல் வந்தது. பிரம்பு வேலை என்று கேட்டதும் கொஞ்சம் நின்றேன், பிறகு கீழே போனேன். “தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பு டிப்ளோமா.” தட்டினேன். “தெரிவு செய்யப்பட்டது” என்றது.

கடைசியில், “இவ்விண்ணப்பத்திலுள்ள விபரங்களை நானே வழங்கினேன் என உறுதியளிக்கிறேன்.” மச்சாள், அந்தப் பெட்டியில் அடையாளம் போட எனக்கு அவசரமே இருக்கவில்லை. ஆறுதலாகப் போட்டேன்.

இருபத்தாறு நிமிடம். பத்து நிமிட வேலை என்றவர் நீங்கள், உங்களுக்குக் கணக்குக் காட்டுகிறேன்.

இன்று காலை கொமினிகேஷன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். “நீங்களே போட்டயளா புள்ள? தனியவா?” என்றார். “ஓம். நான் கேட்ட பாடத்தையே போட்டன்” என்றேன். அவருக்கு முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, தேத்தண்ணிக் கோப்பை தடுமாறியது மட்டும் கேட்டது. பிறகு மெல்லமாக, “கரடியனாத்துப் பக்கம் நிறையப் பேர் இந்த முறை தாங்களே போடுறாங்களாம்” என்றார். பாவம், வியாபாரம் குறைந்த கவலையாகவும் இருக்கலாம்.

நேர்முகப் பரீட்சை ஜூலையில்.

அன்புடன்,
தனு


டோஹா
2025 ஜூலை 10

அன்புள்ள தனுவுக்கு,

இங்கே வெயில் நாற்பத்தைந்து பாகை. மற்றப்படி சுகம். நேர்முகப் பரீட்சையில் சிங்களச் சுற்றறிக்கை ஒன்றைக் கேட்கவிட்டு, வாயாலேயே தமிழில் சொல்லச் சொன்னார்களாமே. நீ சொல்லி முடித்ததும் விரிவுரையாளர் இன்னொன்று தரட்டுமா என்று கேட்டாராம். முப்லிஹாதான் எனக்கு எழுதினார். நீ ஒன்றும் சொல்லவில்லை, நாவூறு பட்டுவிடும் என்று பயமா?

முப்பது பேர்தான் எடுப்பார்கள். தெரிவுப் பட்டியல் இருபத்துநாலாம் திகதி மாலை நாலு மணிக்கு வரும். தளம் என் கையில் இருப்பதால், அலுவலகம் பட்டியலை ஏற்றிவைத்ததும் எனக்கு முன்னமே தெரியவரும். தெரிந்த கையோடு உனக்கு எடுத்துச் சொல்கிறேன். நீ தவித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

உன் மச்சாள்,
கம்சா


ஆரையம்பதி
2025 ஜூலை 12

அன்பு மச்சாளுக்கு,

சுகம். பட்டியலை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். நீங்களும்தான். கோபமில்லை.

தனு


ஆரையம்பதி
2025 ஜூலை 25

அன்பு மச்சாளுக்கு,

நேற்று நாலு மணிக்குக் கிணற்றடியில் இருந்தேன். அம்மா பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு பக்கத்தைத் திறந்தேன். முதலில் தலைப்பு, பிறகு “அட்டவணை, முப்பது வரிசை.” ஒவ்வொரு வரிசையாக இறங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது கரடியனாற்றுப் பிள்ளை. ஏழு: “தனுஷியா. ஆரையம்பதி. தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பு. தெரிவு.”

ஒரு தரம் மேலே போய் மறுபடி கீழே வந்தேன். அதே ஏழு. பிறகும் ஒரு தரம். அதே ஏழு.

ஏன் யாரும் சொல்ல வேண்டாம் என்றேன் தெரியுமா மச்சாள்? கண் இனி வராது என்று டாக்டர் அம்மாவிடம் வெளியே வைத்துத்தான் சொன்னார். எனக்கு மூன்று நாளைக்குப் பிறகு, என் தலையைத் தடவித் தடவி அம்மா சொன்னார். சாதாரணதரப் பெறுபேற்றை மாமா வாசித்தார், உயர்தரத்தை அதிபர் வாசித்தார். பிரம்பு வேலையை யாரோ தொலைபேசியில் சொன்னார்கள். நல்லதோ கெட்டதோ, என்னைப் பற்றிய செய்தி எல்லாம் முதலில் ஊருக்குத் தெரியும். சொல்ல வருகிறவர் தொண்டையைச் செருமும்போதே எனக்கு விசயம் விளங்கிவிடும். என் செய்தி என்னிடம் முதலில் வந்ததே இல்லை.

“லிஸ்ட் வந்திட்டா மகள்?” என்று அம்மா கேட்டார். “இன்னும் இல்லம்மா” என்றேன். பொய். ஒரு மணித்தியாலம் நான் மட்டும் வைத்திருந்தேன். அம்மா மீன் வெட்டினார், புஸ்பம் அக்கா வந்து வேலிக்கு மேலால் கதைத்தார், ஒரு காகம் விடாமல் கத்தியது. இவர்கள் ஒருவருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே!

முப்லிஹா லீவு என்பதால் திங்கட்கிழமையே பதிவாளர் பட்டியலை உங்களுக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு அறிந்தேன். செவ்வாய்க்கிழமை நீங்கள் அம்மாவோடு அரைமணி நேரம் பேசினீர்கள். மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டீர்களாம். குரலில்கூட ஒன்றும் காட்டவில்லை. நான் பத்து வயதில் செய்த மாங்காய்த் திருட்டை ஒரு மணி நேரம்கூட மறைக்கத் தெரியாத ஆள் நீங்கள். அந்த மூன்று நாளும் வாயை எப்படி மூடிக்கொண்டு இருந்தீர்கள், மச்சாள்? நீங்கள் செய்த தளத்தைவிட இது பெரிய வேலை.

ஐந்து மணிக்கு எழும்பி அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. “என்னகா, ஏன் இப்பிடி நிக்கிறாய்? ஆரும் எடுத்துச் சொன்னவங்களா?” என்று பயந்துபோய்க் கேட்டார்.

“ஒருத்தரும் சொல்லல்லம்மா,” என்றேன். “நான் சொல்ல வந்திருக்கன்.”

உங்கள் மச்சாள்,
தனுஷியா